எங்க ஆபீசுக்கு இங்கிலீஷ் வந்த வருஷம்

கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? இல்லை, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்கு இந்தப் பக்கம்தான் சௌகரியம். யார் ஏறுறா, யார் இறங்குறான்னு தெரியும். மடியில வச்சிருக்கீங்களே, அது என்ன ஃபாரம்? எல்லாம் இங்கிலீஷா இருக்கு. எந்த ஆபீசுல இருக்கீங்க? ஆபீசு இல்லையா. காலேஜா. சரி, சும்மாதான் கேட்டேன். கேட்டுக்கிட்டா மனசுக்கு ஒரு தைரியம்.

நான் கவர்ன்மெண்டுல முப்பத்தேழு வருஷம் இருந்தவன். புதுச்சேரி கவர்ன்மெண்டு. ஊரு எதுன்னு வேண்டாம், காரைக்கால் பக்கம்னு வச்சுக்குங்க. பேரு தனிஸ்லாஸ். பேரைச் சொல்றதுல ஒண்ணும் இல்லை, ரிடையர் ஆனவனை யார் என்ன பண்ண முடியும்?

எங்க ஊர்ல டவுன் ஹாலை மேரின்னு சொல்லுவோம். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேரு. அந்த மேரியில பிறப்பு, கல்யாணம், சாவு மூணையும் பதிவேட்டுல எழுதுற குமாஸ்தா நான். எல்லாம் பிரெஞ்சுலதான் எழுதணும். ஐம்பதுல சேர்ந்தேன், அப்ப எனக்கு இருபது வயசு. என் எழுத்தைப் பாக்கறதுக்குன்னே துரை வந்து நிப்பாரு. பெருமைக்குச் சொல்லலை, நடந்ததைச் சொல்றேன்.

பிரெஞ்சுக்காரன் போனான். போயும் பத்து வருஷம் எங்க ஆபீசுல எதுவும் மாறலை. வீட்டுல தமிழு, கடைத்தெருவுல தமிழு, நாற்காலியில உக்காந்தா பிரெஞ்சு. அப்புறம் அறுபத்து நாலுல ஒரு உத்தரவு வந்துச்சு. அடுத்த மாசம் முதல் தேதியிலேர்ந்து இந்த ஆபீசை விட்டு வெளியே போற தாளு எல்லாம் இங்கிலீஷ்ல போகணும். அவ்வளவுதான், ரெண்டு வரி. நான் மேஸ்திரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றேன், நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு. அதுவே இங்கிலீஷ்ல. பக்கத்துல ஒருத்தன் இன்னொருத்தனுக்குப் படிச்சுச் சொன்னான், நான் காதுல வாங்கிக்கிட்டேன். அப்பவே எனக்குத் தோணிச்சு, இது மொழி விஷயம் இல்லை, ஆளை எடுக்கற விஷயம்னு.

நினைச்ச மாதிரியே மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு. சூப்பரிண்டெண்டு. சடகோபன்னு பேரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, கையில ஒரு டிபன் கேரியரோட ரிக்‌ஷாவுல வந்து இறங்கினாரு. எல்லாரையும் மேஜை மேஜையா வந்து பாத்தாரு. என்கிட்ட வந்து, "மிஸ்டர் தனிஸ்லாஸ்தானே? உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்"னாரு. யார்கிட்ட கேள்விப்பட்டாரு? என்ன கேள்விப்பட்டாரு? நேத்து வரைக்கும் நான் முசே தனிஸ்லாஸ். இன்னிக்கு மிஸ்டர். வந்த முதல் நாளே பேருக்கு முன்னாடி இருக்கறதை மாத்தற ஆளு, அப்புறம் எதைத்தான் மாத்த மாட்டான்?

ரெண்டாவது வாரம் ஒண்ணு சொன்னாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு மணி நேரம் அவரே இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறாராம். விருப்பம் இருக்கறவங்க வரலாமாம். பேரை மட்டும் ஒரு நோட்டுல எழுதிக்குவாராம். இந்தப் பேரை எழுதிக்கறதுதான் எனக்கு உறுத்துச்சு. இங்கிலீஷ் தெரியாதவன் எவன் எவன்னு தானா வந்து கையெழுத்துப் போட வைக்கற வேலை இது. அடுத்த மாசம் அந்த நோட்டை அப்படியே மேல அனுப்பினா முடிஞ்சுபோச்சு. நான் போகலை. அஞ்சு பேரு போனாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கலை. அந்த அஞ்சு பேரும் பின்னாடி ஒருத்தன் விடாம மேல மேல போனாங்க. ஒருத்தன் டெபுடி தாசில்தார் ஆகிறவரைக்கும் போனான். அது வேற விஷயம்.

நான் சொல்ல வந்தது பூரணி விஷயம்.

பூரணின்னு ஒரு பொம்பளை. கன்னியப்பன்னு ஒரு சொல்தாவோட சம்சாரம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களை எங்க பக்கம் சொல்தான்னு சொல்லுவோம். கன்னியப்பன் பட்டாளத்தை விட்டதும் பிரான்சுலயே ஒரு துறைமுகத்துல வேலைக்கு இருந்துட்டான். பூரணியும் ஒரு பொண் குழந்தையும் இங்கே. வந்துடுன்னு கடிதாசி போட்டான். கப்பலுக்கு எல்லாம் ஏற்பாடாச்சு. பாண்டிச்சேரியில பிரெஞ்சு கான்சல் ஆபீசுல பிறப்புப் பத்திரம் கேட்டாங்க. எங்க ஆபீசுல இங்கிலீஷ்ல ஒண்ணு அடிச்சுக் குடுத்தாங்க, உத்தரவுப்படி. அதுல அவ பேரை இங்கிலீஷ்காரன் எழுதற மாதிரி எழுதியிருக்கு. கல்யாணப் பத்திரத்துல பிரெஞ்சுக்காரன் எழுதற மாதிரி இருக்கு. ரெண்டும் வேற வேற பேரா இருக்கே, பதிவேட்டுல இருக்கறபடி பிரெஞ்சுலயே நகல் வாங்கிட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

நேரா என்கிட்ட வந்தா. "ஐயா, நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும்னு சொன்னாங்க"ன்னா.

யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். எல்லாரும்தான்னா. எல்லாரும்னா யாரு? உத்தரவு வந்து மூணு மாசம் ஆகலை. பிரெஞ்சுல ஒரு தாளு வெளியே போச்சுன்னா அது யார் கையெழுத்துன்னு ஊருக்கே தெரியும். நம்ம ஆபீசுல அந்த மாதிரி எழுதறது நான் ஒருத்தன்தான். இவளை யாராவது அனுப்பிச்சிருந்தா? சடகோபன் ரூம் கதவு வேற தெறந்து கிடக்கு. நான் சத்தமா, அங்கே கேக்கற மாதிரி, இப்ப எல்லாம் இங்கிலீஷ்தாம்மா, உத்தரவு அப்படின்னு சொல்லி அனுப்பிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வந்தா. அவருக்கு நெஞ்சுல ஏதோ கோளாறாம், ஆஸ்பத்திரியில படுக்கச் சொல்றாங்களாம், கப்பலுக்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்காம். கடிதாசியைக் காட்டினா. எனக்கு அப்பவும் சந்தேகம்தான். ஆபீசுக்கு வர்றவங்க பத்துப் பேர்ல எட்டுப் பேரு நெஞ்சு வலின்னுதான் சொல்லுவாங்க. பதினாலு வருஷம் அந்த நாற்காலியில உக்காந்து பாத்தவன் நான். சூப்பரிண்டெண்டைப் பாருன்னு கையைக் காட்டிட்டேன்.

போனா. அரை மணி நேரம் உள்ளே இருந்தா. மறுநாள் டீ வந்த சமயம் சடகோபன் என் மேஜைகிட்ட வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. அவர் நாற்காலியை விட்டுட்டு முக்காலியில வந்து உக்கார்றாருன்னா என்ன அர்த்தம்? "அந்தம்மா விஷயம் பாவமா இருக்கு. நீங்க பிரெஞ்சுல ஒரு நகல் எழுதிக் குடுங்கோ. நான் கையெழுத்துப் போடறேன். ஏதாவது வந்தா நான் பாத்துக்கறேன்"னாரு.

டீயைத் தள்ளி வச்சேன். உத்தரவை நடத்தறதுக்குன்னு வந்தவனே உத்தரவை மீறுன்னு சொல்றான். நான், எழுத்துல குடுங்க சார்னேன். அவரு சிரிச்சாரு. கோபப்பட்டிருந்தாக்கூட நம்பியிருப்பேன். சிரிச்சாரு. சாயங்காலமே எழுத்துல வந்துச்சு, ஒரு அரைத் தாளு. இங்கிலீஷ்ல.

இதுதாங்க எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறலை. அவரும் தமிழு, நானும் தமிழு. முக்காலியில உக்காந்து தமிழ்ல பேசின மனுஷன், எழுதும்போது இங்கிலீஷ்ல எழுதறான். அதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல இருக்கறவன்கிட்ட படிச்சுச் சொல்லச் சொன்னா, தனிஸ்லாசுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நானே ஒப்புக்கிட்ட மாதிரி. மெமோவாக்கூட இருக்கலாம். நான் கீழே 'பார்த்தேன்'னு பிரெஞ்சுல ஒரு வார்த்தை எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். பதில் சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு.

நாலு நாள் போச்சு. பூரணி தினம் வந்து வராந்தாவுல பொண்ணோட உக்காந்துட்டுப் போவா. அஞ்சாவது நாள் சடகோபன் என்னை ஒண்ணும் கேக்கலை. பியூனை அனுப்பி ஐம்பத்தொண்ணாம் வருஷப் பதிவேட்டைத் தன் மேஜைக்கு எடுத்துட்டு வரச் சொன்னாரு.

ஐம்பத்தொண்ணு ஏன்னு கேக்கலாம் நீங்க. பூரணி பிறந்தப்போ அவ வீட்டுல பதியலை. கல்யாணத்துக்கு முன்னாடி கோர்ட்டுல சொல்லித்தான் பதிஞ்சாங்க. அதனால பதிவேடு ஒரு வருஷம், பிறந்தது ஒரு வருஷம். பிறந்தது முப்பத்தொண்ணு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அதை எழுதினதே நான்தான்.

அந்த மனுஷன் மதியம் பூரா உக்காந்து நகல் எடுத்தாரு. பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. கோலத்தைப் பாத்துப் போடற மாதிரி ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து எழுதறாரு. கதவு வழியா எனக்குத் தெரியுது. பேரு, அப்பா பேரு, அம்மா பேரு எல்லாம் அப்படியே வந்துடுச்சு. வருஷம் மட்டும் பதிவேட்டுக்குள்ளே எழுத்தால எழுதியிருக்கும், நகல்ல எண்ணுல போடணும்; அந்த எழுத்தைப் படிக்க அவரால முடியாது. ஓரத்துல எண்ணுல முப்பத்தொண்ணுன்னு குறிச்சிருப்பேன், அதைப் பாத்து எழுதினாரு.

பிரெஞ்சுக்காரன் ஒண்ணு போட்டா சும்மா ஒரு கோடு இழுக்க மாட்டான். கீழேர்ந்து ஒரு கோட்டை மேல ஏத்தி, அங்கேர்ந்து கீழே இறக்குவான். ஏழுக்கு நடுவுல ஒரு வெட்டு போடுவான். அதனால எங்களுக்குக் குழப்பம் கிடையாது. வெளியாளு பாத்தா எங்க ஒண்ணு ஏழு மாதிரிதான் இருக்கும். அவரு முப்பத்தேழுன்னு எழுதிட்டாரு.

எழுதிட்டு என்கிட்ட கொண்டு வந்தாரு. பூரணியும் பின்னாடியே வந்து நிக்கறா. "மிஸ்டர் தனிஸ்லாஸ், ஒரு தடவை பாத்துடுங்கோ"ன்னு மேஜையில வச்சாரு.

பாத்தேன். பாத்த உடனே தெரிஞ்சுது. ஏழு.

சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நினைக்கறது தெரியுது. உங்களுக்குச் சின்ன வயசு. அந்த நாற்காலியில உக்காந்து பாக்கணும். ஒரே ஆளு, உத்தரவை மீறி ஒரு தாளு எழுதறாரு. எழுதி என்கிட்ட காட்டறாரு. நான் தப்புன்னு சொன்னா, சரி, நீங்களே திருத்துங்கோம்பாரு. நான் ஒரு எண்ணைத் திருத்தினாக்கூட அந்தத் தாளுல என் கை பட்டாச்சு. அப்புறம் அது யாரு எழுதின தாளு? என் தாளு. வேணும்னே ஏழு போட்டுக் கொண்டு வந்திருந்தா? என்னைச் சோதிக்க? இவ்வளவு படிச்ச மனுஷனுக்கு ஒண்ணு எது ஏழு எதுன்னு தெரியாமயா போகும்?

நீங்க எழுதினதுல நான் பாக்க என்ன சார் இருக்குன்னேன். அவரு விடலை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "இல்லை, இன்னொரு தடவை பாருங்கோ. எனக்கு இது தெரியாத பாஷை"ன்னாரு. ரெண்டாந் தரமும் பாத்தேன். சரியாத்தான் இருக்குன்னேன்.

பூரணி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா.

வீட்டுல என் சம்சாரம் பிலோமின்கிட்ட சொன்னேன். அவ கையில இருந்த அகப்பையைக் கீழே வச்சுட்டா. இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க, நாளைக்கு விடியக்காலம் பஸ்சுக்கு அவ போறா, வீடு உங்களுக்குத் தெரியும்னா. நான் போகலை. அவளுக்கு ஆபீசு எப்படி இருக்கும்னு தெரியாது. நாலு நாளு என்கூட அவ பேசலை.

கான்சல் ஆபீசுல ரெண்டு பத்திரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்காங்க. கல்யாணப் பத்திரத்துல, ஐம்பத்தொண்ணுல கல்யாணத்தப்போ இருபது வயசுன்னு இருக்கு. சடகோபன் எழுதின பத்திரப்படி பாத்தா அன்னிக்குப் பதினாலு. ரெண்டும் ஒரே பொம்பளைதானா? இல்லை, கன்னியப்பன் சம்சாரம் பேரைச் சொல்லிக்கிட்டு வேற எவளாவது போகப் பாக்கறாளா? தாளை வாங்கி வச்சுக்கிட்டு, விசாரிக்கணும்னுட்டாங்க. அந்தக் காலத்துல அப்படி ஆள் மாறாட்டம் பண்ணவங்க இருந்திருப்பாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. சந்தேகப்படறது அவங்க வேலை. கப்பல் போயிடுச்சு.

விசாரணை பதினோரு மாசம் ஆச்சு. அங்கே கன்னியப்பனை ஆஸ்பத்திரியில போய் உன் பெண்டாட்டிக்கு என்ன வயசுன்னு கேட்டாங்களாம். சடகோபனுக்கு விஷயம் தெரிஞ்சதும் நேரா என் மேஜைக்கு வருவாருன்னு நான் பதில் எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். வரலை. ரிடையர் ஆன பிரெஞ்சு வாத்தியார் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பதிவேட்டைப் படிக்க வச்சாரு. லீவு போட்டுட்டு, பதிவேட்டைத் துணியில சுத்தித் தானே தூக்கிக்கிட்டு பாண்டிச்சேரி போனாரு. ஒரு தடவை இல்லை, அஞ்சாறு தடவை. பதிவேடு ஆபீசை விட்டுப் போகக்கூடாது, அது ஒரு தப்பு. உத்தரவை மீறிப் பிரெஞ்சுல தாளு குடுத்தது ஒரு தப்பு. வருஷத்தை மாத்தி எழுதினது ஒரு தப்பு. மேலேர்ந்து விளக்கம் கேட்டு வந்துச்சு. அறிக்கை எழுதி அனுப்பினாரு. அவரைத் திருப்பி மெட்ராசுக்கே அனுப்பிட்டாங்க. வரவேண்டிய பதவி உயர்வும் நின்னுபோச்சுன்னு பேசிக்கிட்டாங்க.

போற அன்னிக்கு மறுபடி மேஜை மேஜையா வந்தாரு. என்கிட்டயும் வந்தாரு. "உங்க கையெழுத்து ரொம்ப அழகு, மிஸ்டர் தனிஸ்லாஸ். எனக்குத்தான் படிக்கத் தெரியலை"ன்னாரு. அவ்வளவுதான். போயிட்டாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு மாசம் தூக்கம் இல்லை எனக்கு.

விசாரணை முடிஞ்சு, பூரணி அடுத்த கப்பல்ல போனா. கன்னியப்பன் ஆஸ்பத்திரியிலதான் இருந்திருக்கான். இவ போய்ச் சேர்ந்து பத்தொன்பது நாள். அப்புறம் இல்லை. நான் என்ன டாக்டரா? முந்தின கப்பல்ல போயிருந்தாலும் வந்த வியாதி வந்ததுதானே. அவ பொண்ணு அப்பா முகத்தைப் பாத்துட்டா, அதுவே பெரிசு.

அஞ்சு வருஷம் கழிச்சு, பூரணி ஊருக்கு வந்தவ ஆபீசுக்கும் வந்தா. காலுல பூட்ஸ், மேல ஒரு கம்பளிச் சட்டை, இந்த வெயில்ல. நான் ஒரு பதிவேட்டைப் பிரிச்சு அதுல குனிஞ்சுக்கிட்டேன். ஆனா அவ, ஐயா சௌக்கியமா இருக்கீங்களான்னு கேட்டா. சடகோபன் ஐயா எந்த ஊர்ல இருக்காருன்னு விலாசம் கேட்டா. பாத்து நன்றி சொல்லணுமாம். என்கிட்ட விலாசம் இருந்துச்சு. எதுக்கு வம்புன்னு தெரியாதுன்னுட்டேன். அப்பத்தான் அவ ஒண்ணு சொன்னா: "நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாம எழுதி மேல அனுப்பிட்டேம்மா, நீ கவலைப்படாதேன்னாரு. அந்த மாதிரி மனுஷங்க இல்லைங்க."

ஒண்ணு விடாம.

அவ போனதும் எனக்கு உக்கார முடியலை. ஒண்ணு விடாம எழுதியிருந்தா என் பேரும் இருக்கணுமே. ரெண்டு தடவை பாத்துட்டு சரின்னு சொன்னான்னு இருக்கணுமே. மேல யாரோ அதை வச்சுக்கிட்டு, சமயம் பாத்துக்கிட்டு இருக்காங்களோ? அறிக்கையோட நகல் எங்க ரிக்கார்டு ரூம்லயே இருக்கு. எடுத்தேன். நாலு பக்கம், டைப் அடிச்சது, இங்கிலீஷ்.

இதை யார்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றது? அந்த அஞ்சு பேருல ஒருத்தன்கிட்டயா?

நாப்பது வயசுல நான் இங்கிலீஷ் படிச்சேங்க. அந்த நாலு பக்கத்துக்காக. காரைக்கால் கடைத்தெருவுல ஒரு அகராதி வாங்கினேன். தினம் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் ரிக்கார்டு ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையாத் தேடி மேல தமிழ்ல எழுதிக்கிட்டே வந்தேன். முதல் பக்கத்துக்கே ஒரு மாசம். பூரணி பேரு வருது, கன்னியப்பன் பேரு வருது, பிரெஞ்சு வாத்தியார் பேரு வருது. என் பேரு இதோ வரும், அடுத்த வரியில வரும்னு ஒவ்வொரு வரியா விரலை வச்சுக்கிட்டே போவேன். மூணு மாசம் ஆச்சு முடிக்க.

என் பேரு இல்லை.

ரெண்டாந் தரம் முதல்லேர்ந்து படிச்சேன். இல்லை. மூணாம் பக்கத்துல ஒரு வரி மட்டும் இருக்கு. எனக்கு அது இன்னிக்கும் மனப்பாடம். இந்த நகலை நானே எழுதினேன், எந்த ஊழியரிடமும் காட்டிச் சரிபார்க்கவில்லை, பிழை முழுவதும் என்னுடையது. அப்படின்னு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்காரு.

காட்டலையாம். என்கிட்ட காட்டினாரு. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை காட்டினாரு. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு நின்னது இன்னும் என் கண்ணுல இருக்கு. நானும் இருபது வருஷத்துக்கு மேல யோசிச்சுப் பாத்துட்டேன், ஏன் அப்படி எழுதணும், அதுல அவருக்கு என்ன லாபம்னு. ஒண்ணும் பிடிபடலை. பிலோமின்கிட்ட கேட்டா எழுந்து போயிடறா.

நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. அரசாங்கத் தாளுல, கையெழுத்துப் போட்டு, இவ்வளவு பெரிய பொய்யை எழுதற ஒரு மனுஷனை எப்படிங்க நம்பறது?